ஐந்தாம் லயமும் என் இஸ்திரிப் பெட்டியும்

ஒரே ஒரு சட்டைக்காக ஒரு தோட்டத்தையே இருட்டாக்கியவன் நான். தொண்ணூறுகளில் மலேசியாவில் ஜாசின் பக்கத்தில் எங்கள் ரப்பர் தோட்டத்தில் இருந்த எல்லோருக்கும் இது தெரியும். இனி மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

அங்கே நான் கிராணி, ஆபீஸ் கணக்கு எழுதுபவன். தோட்டத்து ஜெனரேட்டர் மாலை ஆறு முதல் பத்து வரை ஓடும். தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் லயங்களில் நான்குக்கே அதற்கு மூச்சு வாங்கும். ஏழு மணிக்கு எல்லா வீட்டிலும் கிரைண்டரும் இஸ்திரியும் ஒன்றாக ஓட, இரண்டு முறை இருமிவிட்டு நின்றுவிடும். அதனால் ஐந்தாம் லயத்துக்குக் கம்பி இழுத்தும் கரண்ட் கொடுக்கவில்லை. அங்கே பால்மரம் வெட்டும் அக்கா ஒருவர், வரப்போகும் கரண்டை நம்பி டிவி வாங்கி, அதற்கு உறையும் தைத்துப் போட்டு, ஒரு வருடமாகத் துடைத்துக்கொண்டிருந்தார்.

எங்கோ ஒரு பத்திரிகையில் படித்த வேகத்தில் மானேஜரிடம் ஓடினேன். பெரிய இன்ஜின் வேண்டாம், வேலைகளை நகர்த்தினால் போதும் என்றேன். மாவரைக்க லயத்துக்கு ஒரு நாள், இஸ்திரி எட்டரைக்குப் பிறகு. அவர் யோசித்து, ஐந்தாம் லயத்தையும் சேர்த்து ஒரு வாரம் ஓட்டலாம், ஒருமுறை நின்றாலும் கம்பியைப் பிடுங்கிவிடுவேன் என்றார்.

மக்கள் அட்டவணையை அப்படியே பின்பற்றினார்கள். தினமும் ஏழு மணிக்கு இன்ஜின் கொட்டகைக்கு ஓடி, மீட்டர் முள்ளைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். இன்ஜின் தாங்காத சிவப்புக் கோட்டுக்கு ஒரு நூல் கீழேயே நின்றது முள். பரீட்சையில் தேறிய பையன்போல் குதித்தேன்.

ஏழாம் நாள் அக்கா வீட்டில் எனக்குத் தேத்தண்ணி விருந்து. மடிப்புக் கலையாத சட்டையோடு போக வேண்டாமா? லயங்களுக்கெல்லாம் முறை போட்ட நான், என் வீட்டை அட்டவணையில் சேர்க்கவே இல்லை. ஏழேகாலுக்கு இஸ்திரிப் பெட்டியைச் செருகினேன். தோட்டம் இருண்டது.

இன்ஜின் பார்க்கும் அண்ணன் டார்ச்சோடு நேரே என் வீட்டுக்கு வந்து பெட்டியைத் தொட்டார். “சூடா இருக்கே, கிராணி,” என்றார். அவ்வளவுதான்.

மானேஜரிடம் நானே போய்ச் சொன்னேன். ஐந்தாம் லயத்தை விட்டுவிடுங்கள், தப்பு என்னுடையது என்றேன். வெகுநேரம் சிரித்தார். லயங்கள் ஒழுங்காகத்தான் இருக்கின்றன, கம்பி இருக்கட்டும், கிராணியின் இஸ்திரிப் பெட்டி மட்டும் ஆபீஸ் அலமாரிக்குப் போகட்டும் என்று தீர்ப்புச் சொன்னார்.

மறுநாள் மாலை விருந்துக்குப் போனேன். உறை கழற்றிய டிவி ஓடிக்கொண்டிருந்தது. தேத்தண்ணியை நீட்டிய அக்கா, டியூப்லைட்டையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார்.

“லைட் நல்ல வெளிச்சம்லா, கிராணி. சட்டைச் சுருக்கம் ஒண்ணுவிடாமத் தெரியுது.”