சக்கர வீட்டின் கேஸ் குழாய்

எழுபதுகளின் கடைசியில், கல்யாணமான புதிதில், நான் சக்கரம் வைத்த வீட்டில் குடியிருந்தேன். அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் தேடித் துளை போட்டுப் பார்ப்பது என் கணவரின் வேலை. ஜீப்புக்குப் பின்னால் இழுத்துப் போகிற தகர டிரெய்லர் ஒன்றைக் கம்பெனி கொடுத்திருந்தது. சிலிண்டர் வெளியே முன்பக்கம் நிற்கும். அதிலிருந்து ஒரு செம்புக் குழாய் வண்டிக்கு அடியில் ஓடி, தரைத் தகரத்தில் போட்ட ஓட்டை வழியாக அடுப்புக்கு வந்தது.

அந்தக் குழாய் என்னை நிம்மதியாக இருக்க விடவில்லை. கசிந்த கேஸ் தரையோடு தங்கும் என்று சிலிண்டர் கொண்டுவந்தவர் சொல்லியிருந்தார். என் கைக்குழந்தை தரையில்தான் தூங்கியது. துணி மடிக்கும்போதுகூட நடுவில் எழுந்து, குனிந்து மோந்து பார்ப்பேன்.

"ஒனக்கு மூக்குலதான் கோளாறு" என்பார் என் கணவர்.

பெரம்பலூர்ப் பக்கமிருந்து கீழப்பழுவூருக்கு இடம் மாறினோம். வழியெல்லாம் சரளைக் கல். ஜீப்பில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, பின்னால் தகரம் தடதடப்பதையே கேட்டுக்கொண்டு வந்தேன். அடுப்பை மூடியிருந்தோம், சிலிண்டரையும் மூட வேண்டும் என்று தோன்றவில்லை. போய்ச் சேர்ந்து டிரெய்லர் கதவைத் திறந்ததும் நாற்றம் முகத்தில் அடித்தது. திரும்பினால், அவர் வாயில் சிகரெட், கையில் தீப்பெட்டி.

"உரசாதீங்க" என்றேன். தீப்பெட்டியைப் பிடுங்கி வயலில் எறிந்தேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. ஓடிப்போய் சிலிண்டரை மூடினார். நாற்றம் போகும்வரை வரப்பில் நின்றோம்.

மறுநாள் அரியலூரிலிருந்து வந்த ஃபிட்டர் வண்டிக்கு அடியில் புகுந்து பார்த்தார். "ஓட்டை வெளிம்புல ஒரசி ஒரசிக் கொழா அறுந்துருக்குங்க சார்" என்றார். புதுக் குழாயைத் தடித்த ரப்பர் குழாய்க்குள் நுழைத்து, ஆடாமல் கிளாம்பு போட்டு இறுக்கினார். கல் அடிக்காதபடி கீழே இரும்புத் தகடு வைத்தார். கேஸைத் திறந்து மூட்டுகளில் சோப்புத் தண்ணீர் பூசியபோது நானும் மண்ணில் படுத்துப் பார்த்தேன். குமிழி வரவில்லை.

"இன்னொரு தடவ பூசுங்கண்ணே" என்றேன். பூசினார்.

அதன்பிறகு அது கசியவே இல்லை. கிளம்பும்போதெல்லாம் என் கணவரே சிலிண்டரை மூடிவிட்டு வந்து சொல்வார். இருந்தும் நான் ஒருமுறை இறங்கிப்போய்த் திருகிப் பார்ப்பேன். பிறகு பெரம்பலூரில் வாடகை வீடு கிடைத்தபோது, எனக்கு மண்ணெண்ணெய் ஸ்டவ்வே போதும் என்று சொல்லிவிட்டேன்.