கட்டின் மேல் நீலக் கோடு

ஆஸ்பத்திரியில் புண்ணுக்குக் கட்டுப் போடும் அறையில் பத்தொன்பது வருடம் நின்ற நர்ஸ் அவள். எல்லோருக்கும் 'கட்டு சிஸ்டர்'. கோபக்காரி என்ற பெயர் சும்மா வரவில்லை. கட்டை நனைத்துக்கொண்டு வந்தால் திட்டு, ஒரு நாள் தள்ளி வந்தால் இரண்டு மடங்கு திட்டு. ஆனால் இந்த முறை வந்த கோபம் வேறு.

எல்லாம் தையல்கடை கட்டிங் மாஸ்டரின் இடது காலால் வந்தது. நாள் முழுக்க நின்று துணி வெட்டி, நரம்பு புடைத்து, கணுக்காலுக்கு மேல் உள்ளங்கை அகலத்துக்குப் புண். ஏழு மாதமாக வாராவாரம் அவள்தான் அழுத்தக்கட்டு போடுகிறாள். கணுக்காலில் இறுக்கம், மேலே போகப் போகத் தளர்வு. அப்படிக் கட்டினால்தான் கீழே தேங்கிய ரத்தம் மேலேறும். இதே கட்டில் எத்தனையோ பேருக்குப் புண் ஆறியது. மாஸ்டருக்கு மட்டும் இம்மிகூடக் குறையவில்லை.

அறுவை டாக்டருக்கு அது போதாதா? பத்துப் பேர் முன்னால் சொன்னார்: "ஏழு மாசமா துணி சுத்திட்டிருக்கீங்க. நரம்பை ஆபரேஷன் பண்ணியிருந்தா எப்பவோ முடிஞ்சிருக்கும்."

அதோடு விட்டாரா? இந்த அறையே தண்டம், மூடிவிட்டு அவளை மருந்து ஸ்டோருக்கு அனுப்பலாம் என்று பெரிய டாக்டருக்குக் கடிதமும் எழுதிவிட்டார்.

அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆபரேஷன் வேண்டாம் என்று அவள் எந்தக் காலத்தில் சொன்னாள்? ஆபரேஷன் செய்தால் புண் திரும்ப வருவது குறையும். ஆனால் கட்டை விட்டுவிட்டால் இருக்கிற புண்ணுக்கு என்ன வழி? இதைச் சொல்ல வாயெடுத்தாலே அவர் கடிகாரத்தைப் பார்ப்பார்.

அந்த வாரம் கட்டுப் போட்டு முடித்ததும் நீலப் பேனாவால் முழங்காலிலிருந்து கணுக்கால் வரை கட்டின் மேல் ஒரே கோடாக இழுத்தாள். எதற்கு என்று மாஸ்டர் கேட்டார். "அடுத்த வாரம் சொல்றேன்" என்று பேனாவை மூடினாள்.

அடுத்த வாரம் கோடு துண்டு துண்டாகச் சிதறிக் கிடந்தது. நெருக்கிக் கேட்டதும் மாஸ்டர் ஒப்புக்கொண்டார். கட்டு கணுக்காலில் வலிக்கிறதாம், பேன்ட் விழுகிற அழகையும் கெடுக்கிறதாம். வீட்டுக்குப் போனதும் அவிழ்த்து, கீழே லூசாக, மேலே டைட்டாக, 'பினிஷிங்' பார்த்துச் சுற்றிக்கொள்வாராம். ஏழு மாதமும்.

"உங்க கடைக்கு வந்து, நீங்க வெட்டி வச்ச துணியை என் இஷ்டத்துக்கு மறுபடி வெட்டினா சும்மா இருப்பீங்களா மாஸ்டர்?"

அவர் தலையைத் தொங்கப்போட்டார். அவள் விடவில்லை. அதே காலோடு அறுவை டாக்டரிடம் கூட்டிப்போய் எல்லாவற்றையும் சொல்ல வைத்தாள். டாக்டர் ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்தார். கடிதத்தைப் பற்றி மூச்சு விடவில்லை.

ஆபரேஷன் முடிந்தது. கட்டை அவளே போட்டாள். வாராவாரம் கோடு அறுபடாமல் வந்தது. பதினோராவது வாரம் புண் மூடியது.

அன்றைக்குப் பார்த்து அறுவை டாக்டர் பெரிய டாக்டரை அழைத்து வந்து மாஸ்டரின் காலைக் காட்டினார். ஆபரேஷனின் மகிமையை அளந்தார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"சார், இனிமே புண் திரும்ப வராம இருந்தா அது உங்க புண்ணியம்" என்றார் மாஸ்டர். "ஆனா நான் கட்டை அவிழ்க்காம இருந்திருந்தா இது எப்பவோ ஆறியிருக்கும். தப்பு என்னோடது. திட்டு வாங்கினது சிஸ்டர்."

அவள் நோயாளிகள் உட்காரும் ஸ்டூலை இழுத்துப் போட்டாள். பத்தொன்பது வருடத்தில் முதல் முறையாக அதில் உட்கார்ந்தாள்.

"அந்த லெட்டரைத் திரும்ப வாங்கிட்டு வாங்க டாக்டர்" என்றாள். "அதுவரைக்கும் நான் எந்திரிக்க மாட்டேன்."