ரெண்டு பேருக்கு ஒரு நம்பர்

எங்கள் தொழிலுக்குக் கடை கிடையாது, போர்டு கிடையாது. ஒரு நம்பர் உண்டு, அவ்வளவுதான். செம்பூர், மாட்டுங்கா பக்கத்துப் பழைய சொசைட்டி அடுக்குமாடிகளில் மீட்டர் ரூம் சுவரிலும், பம்ப் சுவிட்சுக்குப் பக்கத்திலும், சில வீடுகளில் சிலிண்டர் வைக்கிற அலமாரிக் கதவின் உள்பக்கத்திலும் மார்க்கர் பேனாவால் அதை எழுதி வைத்திருப்போம். கீழே 'பிளம்பர்' என்று ஒரு வார்த்தை. பெயர் எழுதியதில்லை. பெயர் என்று வந்தால் யார் பெயர் மேலே, யார் பெயர் கீழே என்று வரும். நம்பருக்கு அந்தத் தொல்லை கிடையாது.

அந்த நம்பர் எனக்கும் பாய்க்கும் பொது. பாய்க்கு மேலப்பாளையம், எனக்கு வள்ளியூர்ப் பக்கம். தாராவியில் ஒரே சந்தில் எதிரெதிர் கோலியில், அதாவது ஒற்றை அறை வீட்டில், இருக்கிறோம். அவர் என்னைவிடச் சில வயது மூத்தவர், குழாய் வேலையிலும் மூத்தவர். பங்கு பிரித்துக்கொண்ட முறை எளிது. மதியத் தொழுகை வரைக்கும் வருகிற போன் அவருக்கு. தொழுகைக்குப் பிறகு வருவது எனக்கு. மழை கொட்டினாலும் பண்டிகை வந்தாலும் இது மாறாது. "மாடு ஒண்ணு, காலைப் பால் அவருக்கு, அந்திப் பால் இவருக்கு" என்று எங்கள் டீக்கடைக்காரர் புது ஆட்களுக்கு எங்களை அறிமுகம் செய்து வைப்பார்.

மாடு கைமாறுவதும் அந்தக் கடையில்தான். பாய் தொழுதுவிட்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்து, போனின் விலாவில் ஊசியைக் குத்தி, சிம்மை எடுத்து என் உள்ளங்கையில் வைப்பார். நான் என் போனில் ரெண்டாவது குழியில் போட்டுக்கொள்வேன். மறுநாள் காலையில் அவர் வாசலில் கொண்டுபோய்க் கொடுப்பேன். ஊசி தொலைந்த நாளில் டீக்கடைக்காரர் மனைவி தன் கம்மலைக் கழற்றித் தருவார். அதன் முனையும் அந்த ஓட்டைக்குள் போகும்.

போனையே கொடுத்து வாங்கினால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. போன் அந்த வகைச் சாமான் இல்லை. அதில் அவர் பேரன் படம் இருக்கும், என் பேங்க் சங்கதி இருக்கும், மச்சினன் அனுப்பிய கோபமான குரல் பதிவு இருக்கும். டூத்பேஸ்ட் பொதுவாக இருக்கலாம், பிரஷ் பொதுவாக இருக்க முடியாது. சிம் எங்களுக்கு டூத்பேஸ்ட். அந்த நம்பரில் வாட்ஸ்அப்கூட வைத்துக்கொள்ளவில்லை. அது ஒரு போனில்தான் குடியிருப்பேன் என்கிறது. மணி அடித்தால் எடுப்போம், போவோம்.

இப்படிக் கையாண்டால் சேதாரம் இல்லாமலா? ஒரு தடவை மாட்டுங்காவில் ஒரு வீட்டுக் குளியலறையில் நின்றபடியே சிம்மை மாற்றப் பார்த்து, அது நழுவித் தண்ணீர் வடிகிற குழிக்குள் போய்விட்டது. வீட்டு அம்மாளிடம் உங்கள் குழியில் அடைப்பு இருக்கிறது என்று சொல்லி, கம்பியைவிட்டு நோண்டி எடுத்தோம். முடி, சோப்புத் துண்டு, ஒரு பொம்மைக் கால், எங்கள் சிம். அந்த அம்மாள் ரொம்பச் சந்தோஷப்பட்டார், இத்தனை நாள் தண்ணீர் மெதுவாகத்தான் போய்க்கொண்டிருந்ததாம்.

போன மழைக்காலத்தில் பாயின் போன் மொட்டைமாடித் தொட்டிக்குள் விழுந்து செத்தது. அவருக்கு ஒரு மகள், சான்பாடாவில் குடும்பமாக இருக்கிறாள், ஆபீஸ் வேலை. வாப்பாவுக்குப் புதுப் போன் வாங்கி வைத்து, ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னாள். அவளுடைய போனை ஹார்பர் லைன் ரயிலில் ஒருவன் பறித்துக்கொண்டு, அடுத்த ஸ்டேஷன் வருவதற்குள் சிம்மைக் கழற்றி எறிந்துவிட்டான், அப்புறம் போனைத் தேடவே வழியில்லை. அன்றிலிருந்து கழற்றுகிற சிம் என்றாலே அவளுக்கு ஆகாது. நம்பர் போனுக்கு உள்ளேயே இருந்தால் திருடன் கழற்ற முடியாது, தண்ணீரில் நனைய ஓட்டை இருக்காது, தொலையாது. அதனால் எங்கள் நம்பரை இ-சிம் என்று புதுப் போனுக்குள்ளேயே ஏற்றிவிட்டாள். நல்ல எண்ணத்தில் செய்தது. பாய் பிரியாணி சாப்பிட்டுவிட்டு, பழைய போனில் இருந்த சிம்மைப் பத்திரமாகப் பேப்பரில் மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

திங்கட்கிழமை அந்தச் சிம்மை வழக்கம்போல என் கையில் வைத்தார். நான் வழக்கம்போலப் போட்டுக்கொண்டேன். டவர் காட்டவில்லை. சட்டையில் துடைத்துப் போட்டேன், ஊதிப் போட்டேன், அணைத்து எழுப்பினேன். என் போன் கிழடு, அதற்குத்தான் வயசாகிவிட்டது என்று நினைத்தேன். செவ்வாயும் அப்படியே. மழையில் வேலை குவிகிற காலம், நான் வீட்டில் உட்கார்ந்து டிவி பார்த்தேன்.

புதன்கிழமை, முன்பே பேசி வைத்த ஒரு மிச்ச வேலைக்காகச் செம்பூருக்குப் போனேன். அடுத்த வீட்டு மாமி கதவைத் திறந்து, "நேத்து சாயங்காலம் பெரியவர் வந்து கிச்சன் டேப்பை மாத்திட்டுப் போனாரே, நீங்க இனிமே வரமாட்டேளோன்னு நினைச்சேன்" என்றார்.

சாயங்காலம் என்ற சொல்தான் என்னைக் குத்தியது. அந்திப் பால் என்னுடையது. வீட்டில் வந்து சொன்னேன். என் மனைவி கையில் இருந்த வெங்காயத்தை வைத்துவிட்டு யோசித்தாள். சந்தேகம் என்பது குழாய்க்குள் விழுந்த மண் மாதிரி, தண்ணீரை நிறுத்தாது, ஒழுங்காக வரவும் விடாது, கேட்டுவிடுங்கள் என்றாள். பிளம்பர் பெண்டாட்டிக்குப் பழமொழியும் குழாயில்தான் வரும்.

கேட்கப் போனால் பாய் முகத்திலும் ஒரு வீக்கம். பிற்பாடுதான் எனக்கு அது விளங்கியது. இடித்துக் கட்டுகிற ஒரு கட்டடத்தில் என்னைக் காண்ட்ராக்டுக்குக் கூப்பிடுவதாக எங்கள் சந்தில் ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. கூப்பிட்டது உண்மை, நான் போகவில்லை என்பதும் உண்மை. பேச்சில் முதல் பாதிக்குத்தான் கால் முளைக்கும். நான் சில்லறை வேலையைக் கழித்துக் கட்டுகிறேன், அதனால்தான் சாயங்காலப் போனை எடுப்பதில்லை என்று அவர் முடிவு கட்டியிருந்தார். மூத்தவர் வாயைத் திறந்து கேட்பாரா?

டீ வந்தது. ரெண்டு பேரும் கிளாசைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"நேத்து செம்பூருக்குப் போனியளோ?" என்றேன்.

"போனேன். நீரு எடுக்கல. அந்த மாமி ஒழுகுது ஒழுகுதுன்னு புலம்புதா. பின்னே யாரு போவா?"

"எனக்கு அடிக்கவே இல்லியே பாய்."

"அதெப்படி? ரெண்டு போன்லயும்தானே அடிக்கும்."

நம்பர் போனுக்குள் ஏறியிருக்கிறது, சிம்மும் கையில் இருக்கிறது. ஆக ரெண்டு இடத்திலும் இருக்கிறது. முந்தி பெரிய வீடுகளில் ஹாலில் ஒரு போன், மாடியில் ஒரு போன் வைத்திருப்பார்களே, ஒரே லைன், ரெண்டிலும் அடிக்கும். அந்த மாதிரி என்று நினைத்திருக்கிறார். மகள் நமக்கு வசதி செய்து கொடுத்திருக்கிறாள் என்று சந்தோஷமும் பட்டிருக்கிறார். எனக்கும் அது தப்பாகப் படவில்லை. நாங்கள் நம்பரைக் கையில் தொட்டுப் பழகியவர்கள். தொட முடிகிற ஒன்று செத்துப்போயிருக்கும் என்று எப்படித் தோன்றும்?

டீக்கடைக்காரருக்குப் பஞ்சாயத்து என்றால் கொழுக்கட்டை. என் போனை மேஜைமேல் வைக்கச் சொல்லிவிட்டுத் தன் போனிலிருந்து எங்கள் நம்பரை அடித்தார். மேஜை சும்மா கிடந்தது. பாயின் சட்டைப் பை பாடியது.

பாய் மகளைக் கூப்பிட்டார். காது கொஞ்சம் மந்தம், அதனால் ஸ்பீக்கரில் போட்டார். நம்பரைப் போனுக்குள் ஏற்றினவுடன் அந்தச் சிம் செத்துப்போகும், அதைத் தூக்கி எறிந்திருக்க வேண்டும் என்று அவள் பொறுமையாகத்தான் விளக்கினாள். அதற்கு மேலும் ஒன்று சொன்னாள்.

"வாப்பா, நம்பர் உங்க பேர்ல இருக்கு. வேற ஆள் கையில குடுக்கறதே தப்பு. நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா உங்களைத்தான் தேடி வருவாங்க."

பாய் ஸ்பீக்கரை அணைக்கப் பார்த்தார். புதுப் போன், எங்கே அமுக்குவது என்று தெரியவில்லை. போனைத் தொடையில் கவிழ்த்தார். சத்தம் கூடத்தான் செய்தது.

"உங்க சாச்சா இங்கதான் இருக்காரு" என்றார் கடைசியில்.

அவளுக்கு நான் சாச்சா, சித்தப்பா முறை. உடனே குரலை இறக்கினாள். "சாச்சா, உங்களைச் சொல்லல. பொதுவாச் சொன்னேன்."

பொதுவாகப் பேசினால் பக்கத்தில் இருப்பவனுக்குத்தான் சுடும். ஆனால் அவள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. சட்டம் ஒருத்தர் பேரைத்தான் பார்க்கும், பங்காளியைப் பார்க்காது. எனக்கு ஒரு மகள் இருந்து இதையே சொல்லியிருந்தால் கெட்டிக்காரி என்று நானும் மெச்சியிருப்பேன்.

அவளே ஒரு வழியும் சொன்னாள். நம்பர் வாப்பா போனிலேயே இருக்கட்டும். மதியத்தில் அவர் ஒரு எண்ணை அமுக்கினால் வருகிற போனெல்லாம் என் சொந்த நம்பருக்குத் திரும்பிவிடும். காலையில் இன்னொன்றை அமுக்கினால் அவரிடமே நின்றுவிடும். சொன்னபடி கொஞ்ச நாள் நடந்தது. முதலில் நன்றாகத்தான் இருந்தது. பிறகு ஒரு நாள் பாய் மொட்டைமாடியில் வால்வைப் பிடித்தபடி நின்று மறந்துவிட்டார். ஒரு நாள் காலையில் நிறுத்த மறந்து, அவருக்கு வர வேண்டிய மாட்டுங்கா போன் எனக்கு வந்தது. இதெல்லாம் சின்ன விஷயம். நான் தினமும் கூப்பிட்டு, "பாய், திருப்பியாச்சா?" என்று கேட்க ஆரம்பித்தேன், அதுதான் ரெண்டு பேருக்கும் உறுத்தியது. இத்தனை வருஷத்தில் நான் அவரிடம் கேட்டதே கிடையாது. வருவார், எடுப்பார், கையில் வைப்பார்.

"கேக்காம எடுத்தா பங்கு, கேட்டு வாங்கினா சம்பளம்" என்றாள் என் மனைவி. இதில் குழாய் இல்லை, ஆனாலும் ஒழுகுகிற இடத்தைச் சரியாகத் தொட்டுவிட்டாள்.

இப்போது பேப்பரில் பார்க்கிறேன், போகப் போக எல்லாப் போனிலும் சிம் போடுகிற ஓட்டையே இருக்காது என்கிறார்கள். அதனால் வருகிற நன்மை அத்தனையும் எனக்கு ஒப்புதல். ஆனால் அந்தக் கணக்குப் போடுகிறவர்கள் ஒரு ஆளுக்கு ஒரு நம்பர் என்று வைத்துக்கொண்டு போடுகிறார்கள். ரெண்டு ஆளுக்கு ஒரு நம்பர் என்பதும் உலகத்தில் உண்டு. எங்கள் சந்திலேயே இஸ்திரிக்கடைப் பெண்கள் ரெண்டு பேர் அப்படி வைத்திருக்கிறார்கள்.

பாய் அவரே ஒரு நாள் டீயைப் பாதியில் வைத்தார். "வே, நான் என்ன உமக்கு மேஸ்திரியா? தினமும் கேக்கீரு, நான் தினமும் சொல்லுதேன். நல்லால்ல. வாரும், பழைய மாதிரி கார்டு வாங்கிருவோம்."

மகள் லீவு போட்டுவிட்டு வந்தாள். செம்பூரில் சிம் கம்பெனிக்காரர்களின் கடைக்கு மூன்று பேரும் போனோம். கவுண்டரில் இருந்த பெண் ஆச்சரியப்பட்டாள். எல்லாரும் கார்டை விட்டு உள்ளே போகிறார்கள், நீங்கள் உள்ளேயிருந்து வெளியே வருகிறீர்களே என்று ஹிந்தியில் கேட்டாள். காரணம் போடாமல் அவள் கம்ப்யூட்டர் மேலே நகராதாம். பார்ட்னருக்குக் கொடுக்க வேண்டும் என்றார் பாய். அப்படி ஒரு காரணம் அதில் இல்லை. போன் ரிப்பேர் என்று ஒன்றை அவளாகவே தட்டிவிட்டுப் பாயைக் கேமராவைப் பார்க்கச் சொன்னாள்.

மகள் மெல்ல ஆரம்பித்தாள். "சரி வாப்பா, ஆனா பேரு உங்க பேர்லதானே இருக்கு..."

"இருக்கட்டும்ளா. இவரு ஏதாவது பண்ணி என்னைத் தேடி வந்தா, எதிர்வீட்டைக் கை காட்ட எனக்குத் தெரியாதா?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்னைப் பார்த்து, "சாச்சா, யாராவது போன்ல ஓடிபி கேட்டா மட்டும் சொல்லிராதீங்க" என்றாள். அவள் முகத்தைப் பார்த்தால், உன் வாப்பாதான் போன வாரம் ஒருத்தனிடம் சொல்லப் போனார் என்று போட்டுக் கொடுக்க மனசு வரவில்லை. சரிம்மா என்றேன்.

வந்ததுதான் வந்தோம் என்று, என் சொந்த நம்பரைப் போனுக்குள் ஏற்றித் தர முடியுமா என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன். அதை யாருக்கும் நான் கழற்றிக் கொடுக்கப் போவதில்லை, திருடனுக்கும் கொடுக்க வேண்டாமே. என் போனை வாங்கிப் புரட்டிப் பார்த்தாள். இதில் அந்த வசதி கிடையாது அங்கிள் என்று திருப்பிக் கொடுத்தாள். பாய் இதற்குச் சிரித்த சிரிப்பில் டோக்கன் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

கார்டுக்கு உயிர் வர நேரமாகும் என்றார்கள். பாய் பக்கத்துப் பள்ளிவாசலில் தொழுதுவிட்டு வந்தார். அதனால் கார்டு என் முறை. கடை வாசலிலேயே நின்று போட்டுக்கொண்டேன். அப்பாவும் மகளும் சாப்பிடப் போகலாம் என்று கூப்பிட்டார்கள். ரோட்டைத் தாண்டுவதற்குள் மணி அடித்தது. அதே செம்பூர்தான், ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம் ஒரு சொசைட்டி, மூன்றாவது மாடி, ஃப்ளஷ் டேங்க் நிற்காமல் ஓடுகிறதாம். காலையிலிருந்து அடிக்கிறேன், போனே போகவில்லை என்று கூப்பிட்டவர் திட்டினார்.

"எனக்கும் சேர்த்துச் சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்தேன்.