பெர்னடீன் வெட்டி ஒட்டிய மூடி

பெர்னடீன் நோவிக்கிக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, தாழும். அமெரிக்காவில் ஈரி நகரத்தில் கொதிகலன் செய்யும் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருஷம் வெல்டராக இருந்தவள். அந்த இரைச்சலில் கத்திப் பயனில்லை என்று பழகிவிட்டாளோ என்னவோ. பக்கத்து வீட்டில் இருபத்தாறு வருஷமாக இருக்கிறேன். அவள் குரல் தாழ்ந்து நான் கேட்டது நாலைந்து தடவைதான். போன மார்ச்சில் கேட்டது ஒரு காபி மெஷினால்.

அவள் கணவர் லியோவுக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. சட்டைப் பொத்தானை அவள் போட்டுவிட வேண்டும், தட்டில் இறைச்சியை அவள் வெட்டித் தர வேண்டும். அதற்கு முந்தின கிறிஸ்துமஸுக்கு மகள் ஒரு மெஷின் வாங்கி வந்தாள். காபித்தூள் அடைத்த சின்ன பிளாஸ்டிக் குப்பியை உள்ளே வைத்து, கைப்பிடியை இறக்கி, பொத்தானை அமுக்கினால் ஒரு கோப்பை காபி. "இதெல்லாம் ஒரு காபியா?" என்று பெர்னடீன் முகத்தைச் சுளித்தாள். ஆனால் அவள் எழுந்து வருவதற்குள் லியோ இடது கையாலேயே போட்டு, ஜன்னலோரம் உட்கார்ந்து குடித்துக்கொண்டிருப்பார். நாள் முழுக்க அவர் இன்னொருவர் கை இல்லாமல் செய்யும் காரியம் அது ஒன்றுதான். அதைப் பார்த்த பிறகு அவள் ருசியைக் குறை சொல்வதை விட்டுவிட்டாள்.

குப்பியின் விலைதான் கடித்தது. "தூளுக்குக் கணக்குப் போட்டுப் பாத்தேன்டி. பவுண்டு ஐம்பது டாலர் வருது! அந்தக் காசுக்கு நான் நண்டு வாங்கித் தின்னுட்டுப் போவேன்" என்பாள். பென்ஷன் ஏறுகிற வழியாக இல்லை. கடைசியில் தள்ளுபடிக் கடையில் பாதி விலைக்கு வேறு கம்பெனிக் குப்பி ஒரு பெட்டி வாங்கி வந்தாள்.

மறுநாள் காலை சமையலறையில் டக், டக் என்று சத்தம். பெர்னடீன் எழுந்து போய்ப் பார்த்தால், லியோ கைப்பிடியைத் தூக்குவதும் இறக்குவதுமாக நின்றிருக்கிறார். மெஷினின் சின்னத் திரையில் ஒரே வரி: 'இந்தக் குப்பியை ஏற்க முடியாது.'

"இதுகூட என்னால முடியலையே, பெர்னி" என்றாராம். கன்னமெல்லாம் ஈரம். மெஷின் மறுத்ததைத் தன் கையின் தப்பென்று நினைத்துவிட்டார்.

பத்து மணிக்கு என்னைக் கூப்பிட்டாள். நான் போனபோது மெஷின் கம்பெனிக்காரனோடு ஸ்பீக்கரில் பேசிக்கொண்டிருந்தாள்.

"எங்க முத்திரை உள்ள குப்பி மட்டும்தான் அந்த மாடல்ல வேலை செய்யும் மேடம். உங்க பாதுகாப்புக்காகத்தான். ருசியும் நல்லா இருக்கும்."

"மெஷின் யாரு வாங்கினது, தம்பி?"

"நீங்கதான் மேடம்."

"கரண்ட் யாரோடது? தண்ணி யாரோடது?"

"உங்களோடதுதான்..."

"அப்ப என் வீட்டுல நான் எந்தக் காபி குடிக்கணும்னு சொல்றதுக்கு நீங்க யாரு?" குரல் அடிமட்டத்துக்குப் போய்விட்டது.

"புரியுது மேடம். உங்க சிரமத்துக்கு ஒரு கூப்பன் அனுப்பறோம்."

"என் புருஷன் காலையில நின்னு அழுதான். அதுக்கு எத்தனை பர்சென்ட் தள்ளுபடி?"

காத்திருக்கச் சொல்லிப் பாட்டுப் போட்டுவிட்டார்கள்.

"நாமே தூள் போடற குப்பி கடையில கிடைக்குதே. நீ நிரப்பி வெச்சிடேன்" என்றேன்.

என்னை முறைத்தாள். "அதையும் நானே செஞ்சா, அவனுக்குன்னு என்னடி மிச்சம் இருக்கு?"

மெஷினைத் திறந்து டார்ச் அடித்துக் குடைந்தாள். மேல்பக்கம் பொட்டுப்போல ஒரு கண்ணாடிக் கண் இருந்தது. கம்பெனிக் குப்பியின் மூடியோரத்தில் ஒரு மை வளையம் உண்டு. கண்ணாடி அதைத்தான் தேடுகிறது. "இந்த மை வளையத்துக்கா இவ்வளவு ஆட்டம்!" குப்பைக்கூடையிலிருந்து பழைய கம்பெனிக் குப்பி ஒன்றை எடுத்து, மூடியை வெட்டி, மெஷினின் ஊசி இறங்க நடுவில் துளை போட்டு, சூடு தாங்கும் டேப்பால் கண்ணாடிக்குக் கீழே ஒட்டினாள். முதல் தடவை ஆவியில் பிய்ந்தது. இரண்டாவது நின்றது.

லியோவைக் கூப்பிட்டாள். மலிவுக் குப்பியை அவரே வைத்து, அவரே அமுக்கினார். காபி வந்தது. ஒரு வாய் குடித்தார். "சேத்துத் தண்ணி மாதிரி இருக்கு."

"பேசாம குடி."

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

கூப்பன் நிஜமாகவே வந்தது, சிரிக்கிற கோப்பைப் படத்தோடு. பெர்னடீன் அதை நாலாகக் கிழித்தாள். "ரெண்டு பெட்டி ஓசியில வந்திருக்குமே!" என்று லியோ கத்தினார். இரவுச் சாப்பாடு வரை அவரோடு அவள் பேசவில்லை. கோடைக்குள் எங்கள் தேவாலயத்தைச் சேர்ந்த ஆறு வீடுகளின் மெஷின்களுக்கு மூடி ஒட்டிக் கொடுத்துவிட்டாள். காசு வாங்க மாட்டாள். ஆனால் அந்தப் போன் பேச்சை அவள் சொல்லச் சொல்ல முதலிலிருந்து கடைசி வரை கேட்டால்தான் கத்தரிக்கோலையே எடுப்பாள்.

மெஷின் இன்னும் ஓடுகிறது. அவள் மட்டும் அதில் ஒரு சொட்டுக் குடிப்பதில்லை. போன வாரம் ஏன் என்று கேட்டேன்.

"அவனுக்கு அது வேணும், அதனால வீட்டுல இருக்கு" என்றாள். "இல்லேன்னா என்னைக்கோ தெருவுல கிடந்திருக்கும்." குரல் தாழ்ந்துதான் இருந்தது.