கீறல் விழுந்த மோடம்

பேரணாம்பட்டு டேனரியில் தோலைத் தரம் பிரிப்பது என் வேலை. ஜன்னலோர மேஜையில் தோலை விரித்து, வெளிச்சத்துக்குச் சாய்த்து, ஒரு தடவு தடவினால் போதும். முதல் தரம், இரண்டாம் தரம், ரிஜெக்ட் என்று சாக்பீஸால் பின்பக்கம் எழுதித் தள்ளிவிடுவேன். இந்தத் திறமையை டேனரி வாசலோடு விட்டுவிட்டு வந்திருக்கலாம். நானோ கத்தரிக்காய், ஜமக்காளம், மாமனார் எடுத்துக் கொடுத்த வேட்டி என்று கையில் கிடைத்த எல்லாவற்றின் மேலும் அதைக் காட்டிக்கொண்டு திரிந்தேன். வேட்டிக்கு இரண்டாம் தரம் போட்டதில் மாமனார் ஒரு வருஷம் என்னோடு பேசவில்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை.

என் மனைவி ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில், ஏற்றுமதிப் பிரிவில் இருந்தாள். ஏழாம் மாதம் நடந்துகொண்டிருந்தபோது டாக்டர் பஸ் பயணம் கூடாது என்று சொல்லிவிட்டார். எங்கள் ஊர் ரோட்டைப் பார்த்த டாக்டர் வேறு எதையும் சொல்லியிருக்க முடியாது. வீட்டில் டெலிபோன் இருந்தது. அதனால் கம்பெனி மேனேஜர் ஒரு யோசனை சொன்னார். பழைய டெர்மினல் ஒன்றை வேனில் ஏற்றி அனுப்பினார். வெறும் திரையும் கீபோர்டும்தான். உள்ளே கம்ப்யூட்டர் கிடையாது. அதை டெலிபோன் லைனில் கோக்கும் மோடத்தை நாங்களே வாங்கிக்கொள்ள வேண்டும்.

"திங்கட்கிழமை பத்து மணிக்கு வீட்ல இருந்து பேக்கிங் லிஸ்ட் வந்துடணும்மா. வரலைன்னா அந்த சீட்ல வேற ஆளைப் போட்டுடுவேன்" என்றார் போனில்.

அந்த நாற்காலிக்காக அவள் மூன்று வருஷம் கட்டிங் பிரிவில் நின்றபடியே வேலை பார்த்தவள். போனை வைத்துவிட்டு, துண்டுச் சீட்டு ஒன்றில் நிதானமாக எழுதினாள்: 'வெளியே வைக்கும் பெட்டி. பின்னால் டெர்மினல் ஒயர் செருக இடம் இருக்கணும். எழுத்து மட்டும்தான் போகும், ஸ்பீடு கம்மியானாலும் பரவாயில்லை. பழசானாலும் பரவாயில்லை.' இதைவிடத் தெளிவாக ஒரு மனுஷி எழுத முடியாது.

சனிக்கிழமை சீட்டோடு வேலூரில் ஒரு கம்ப்யூட்டர் சாமான் கடைக்குப் போனேன். கடைக்கார பாய் எங்கள் வசதிக்கு எட்டும்படி இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று பழைய பெட்டி. மேலெல்லாம் கீறல், ஒரு மூலை உடைந்திருந்தது. இன்னொன்று புதிய பச்சை அட்டை, கம்ப்யூட்டருக்குள் செருகும் வகை. அடியில் வரிசையாகத் தங்கப் பற்கள் மின்னின. இரண்டையும் வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். தடவினேன். முகர்ந்தும் பார்த்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. என் மேஜைக்கு வந்தால் அந்தப் பெட்டி நேராக ரிஜெக்ட் குவியலுக்குத்தான் போகும். அட்டையோ மாசு மருவில்லாத முதல் தரம்.

"சீட்டுல பொட்டின்னுதானே சார் எழுதியிருக்கு?" என்றார் பாய்.

"இன்னா பாய், பதினெட்டு வருஷமா செலக்‌ஷன் பண்றேன். எனக்கே சரக்கு காட்டறியா?"

அவர் அட்டையைக் கட்டிக் கொடுத்தார்.

வீட்டில் அவள் பொட்டலத்தைப் பிரித்தாள். டெர்மினலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"இதை எங்கங்க செருகறது? உங்க மூக்குலயா?"

சிரிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். கண்ணில் தண்ணீர் நின்றது. எனக்கு என் விரல்களை ஒடித்துப் போட வேண்டும் போலிருந்தது.

பாய் கடைக்கு வெள்ளிக்கிழமைதான் லீவு, ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கும். அந்த ஒரு காரணத்தால்தான் இன்றும் என் குடும்பம் குடும்பமாக இருக்கிறது. முதல் பஸ்ஸில் போய் நின்றேன். பெட்டி விற்கவில்லை. ஆனால் பாய் அட்டையைத் திரும்ப வாங்குமுன் வாசலுக்கு வந்தார். வெளிச்சத்தில் சாய்த்தார். தங்கப் பற்கள் முழுக்க என் கட்டைவிரல் ரேகை. எத்தனை சோப்பு போட்டாலும் போகாத தோல் எண்ணெய்.

"கறை பட்டிருக்கே சார். ரிஜெக்ட். பாதி விலைக்குத்தான் எடுத்துப்பேன்."

ஒத்துக்கொண்டு, மேலே பணம் போட்டுப் பெட்டியை வாங்கினேன். நான் அவர் இடத்தில் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன், இன்னும் கொஞ்சம் திமிரோடு.

வீட்டுக்கு வந்து, பாய் சொன்னதை அவளிடம் அப்படியே ஒப்பித்தேன். அன்று கம்பெனி மூடியிருந்ததால் சோதித்துப் பார்க்க வழியில்லை. திங்கட்கிழமை நான் வேலைக்குத் தாமதமாகப் போவதாகச் சொல்லிவிட்டு அவள் பின்னால் நின்றேன். பத்து மணியாக ஐந்து நிமிஷம் இருந்தது. அவள் நம்பரைத் தட்டினாள். பெட்டி கழுத்தைப் பிடித்த கோழி மாதிரி கத்தியது. பிறகு அடங்கியது. திரையில் ஒன்றுமில்லை. அவள் வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திடீரென்று கம்பெனிக் கம்ப்யூட்டர் பச்சை எழுத்தில் பெயர் கேட்டது. அவள் அடிக்கத் தொடங்கினாள். ஜோடி, சைஸ், கலர், பெட்டி எண் என்று வரி வரியாகப் போனது. கடைசியில், பட்டியல் கிடைத்தது என்று பதில் வந்தது.

"சீட் எனக்குத்தான்" என்றாள்.

என் சட்டைப் பையிலிருந்து சாக்பீஸை எடுத்து, மோடத்தின் கீறல் விழுந்த மண்டையில் பெரிதாக 'முதல் தரம்' என்று எழுதினாள். எழுந்து, என் முதுகை மெல்லத் தடவிக்கொடுத்து, "கிளம்புங்க, நேரமாய்டுச்சி" என்று அனுப்பி வைத்தாள். இவ்வளவு சீக்கிரம் மன்னித்துவிட்டாளே என்று உருகிப்போய் சைக்கிளை மிதித்தேன்.

டேனரியில் நுழைந்ததும் மேஜை மேஜையாகச் சிரித்தார்கள். பக்கத்து மேஜைக்காரர்தான் சட்டையைக் கழற்றிப் பார்க்கச் சொன்னார். முதுகில், என் கையெழுத்தையே பார்த்து எழுதிய மாதிரி: ரிஜெக்ட்.

"தட்டி விடட்டா தோஸ்த்?" என்றார்.

"வேணாம், இருக்கட்டும்" என்று மறுபடி மாட்டிக்கொண்டேன்.

சாயங்காலம் அதே சட்டையோடு வீட்டுக்குப் போய், வாசலில் முதுகைக் காட்டி நின்றேன்.

அவள் கதவு வெளிச்சத்தில் என் தோளைப் பிடித்து இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தாள்.

"பாதி விலைக்குத்தான் எடுத்துப்பேன்" என்றாள். "உள்ள வாங்க."