லேப்டாப்புக்கு வைத்த பொட்டு

என் பிழைப்பே சந்தேகப்படுவதுதான். பதிப்பகங்களுக்கு வீட்டில் உட்கார்ந்து புரூப் பார்க்கிறேன். ஒரு பக்கம் சுத்தமாக இருந்தால் எனக்கு நிம்மதி வராது. தப்பு எங்கேயோ ஒளிந்துகொண்டு என்னைப் பார்த்துச் சிரிக்கிறது என்று மறுபடியும் முதல் வரியிலிருந்து படிப்பேன். பால்காரர் பாலில், சிலிண்டர் போடுகிறவர் எடையில், ஆட்டோக்காரர் சுற்று வழியில் என்று இந்தக் குணம் எங்கே போனாலும் என்னோடு வரும். என் வீட்டுக்காரர் எனக்கும் மேலே. ஒரு பெரிய தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் இருந்து ஓய்வு பெற்றவர். அங்கே ஸ்பானர், சுத்தியல், டிரில் எல்லாவற்றிலும் ஒரு சொட்டு பெயின்ட் அடையாளம் வைத்துத்தான் வெளியே கொடுப்பார்களாம். இல்லாவிட்டால் நல்லது போய் ஓட்டை உடைசல் திரும்பி வருமாம். எங்கள் வீட்டுக் குடையின் கைப்பிடியில்கூடப் பச்சைப் பெயின்ட் உண்டு. இப்படி இரண்டு பேர் சேர்ந்து குடித்தனம் நடத்துகிறோம், பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சந்தேகம் எட்டிக்கூடப் பார்க்காத இடம் ஒன்று இருந்தது. என் தங்கச்சி. நான் ஸ்ரீரங்கம், அவள் ஆற்றுக்கு அந்தப் பக்கம் புத்தூர். அப்பா அம்மா போன பிறகு எனக்கென்று இருப்பவள் அவள் ஒருத்திதான். அம்மாவின் பாத்திரங்களைக்கூட நாங்கள் பங்கு பிரித்துக்கொள்ளவில்லை. அவள் வத்தக்குழம்பு கொடுத்துவிட்ட டப்பாவில் நான் அதிரசம் போட்டு அனுப்புவேன், அதே டப்பாவில் அவள் எலுமிச்சங்காய் ஊறுகாய் போட்டு அனுப்புவாள். வந்த டப்பாவை வெறுமனே திருப்பித் தரக் கூடாது என்பது அம்மா பழக்கிவிட்டது. வீட்டில் ஒன்றுமே இல்லாவிட்டாலும் ஒரு கை சர்க்கரையாவது போடுவோம். இத்தனை வருஷத்தில் எந்த டப்பா யாருடையது என்பது எங்கள் இரண்டு பேருக்குமே மறந்து போய்விட்டது.

போன சித்திரை வெயிலில் என் லேப்டாப்புக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. உள்ளே காத்தாடி சுற்றுகிற சத்தம் பக்கத்து அறைக்குக் கேட்கும். அடியில் கை வைத்தால் தோசைக்கல். தங்கச்சி வீட்டுக்காரர் புத்தூரில் வீட்டு முன்பக்கத்திலேயே கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். அவரிடம் கொடுத்துத் தூசி தட்டி வாங்கலாம் என்று முடிவு செய்தோம். முதல் நாள் காபி குடிக்கும்போது நான் பொதுவாக ஒரு வார்த்தை சொன்னேன். "சில கடைங்கள்ல சர்வீஸ்க்குக் குடுத்தா உள்ள இருக்கிற நல்லதை உருவிட்டு மட்டமானதைப் போட்டு அனுப்பிடறாங்களாம்." ஏதோ செய்தியில் படித்தது. நான் யாரையும் மனதில் வைத்துச் சொல்லவில்லை. என் வீட்டுக்காரர் "ம்" என்றார்.

மறுநாள் காலையில் நான் ஒரு அத்தியாயம் முடித்துவிட்டுத்தான் லேப்டாப்பை அணைத்தேன். அது வரைக்கும் சத்தம் போட்டாலும் ஓடியது. "நீ போய்க் குளி, நான் எல்லாத்தையும் பையில எடுத்து வெக்கிறேன்" என்றார் அவர். தானாக முன்வந்து அவர் ஒரு வேலை செய்கிறார் என்றால் எனக்கு அங்கேயே மூக்கு வியர்த்திருக்க வேண்டும். வியர்க்கவில்லை. குளித்துவிட்டு வந்து பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். தங்கச்சி வீட்டில் சாப்பிட்டுவிட்டு, லேப்டாப்பைக் கொடுத்துவிட்டு, ஒரு டப்பா மாவடுவோடு திரும்பி வந்தேன்.

அடுத்த நாள் தங்கச்சி வீட்டுக்காரர் போன் பண்ணினார்.

"அக்கா, இது ஆனே ஆகலையே. கொண்டு வரும்போதே இப்படித்தானா?"

"என்ன தம்பி சொல்றீங்க? நேத்து காலையிலகூட வேலை பார்த்தேனே!"

"சார்ஜர் மாத்திப் பார்த்துட்டேன். பட்டனை அரை நிமிஷம் அமுக்கிப் பிடிச்சும் பார்த்துட்டேன். லைட்டு ஒரு தடவை மின்னிட்டுப் போயிடுது. சரி, கழட்டிப் பார்க்கிறேன்."

நன்றாக இருந்த பொருள், அவர் கடை வாசலை மிதித்ததும் செத்துப் போகிறது. நீங்களாக இருந்தால் என்ன நினைப்பீர்கள்? கீழே போட்டிருப்பாரோ? யார் கையிலாவது கொடுத்திருப்பாரோ? அப்படியெல்லாம் இருக்காது என்று ஒரு மனது சொன்னது, இருக்கும் என்று இன்னொன்று சொன்னது. எனக்கு எப்போதுமே அந்த இரண்டாவதன் குரல்தான் பெரிசு.

அதற்கு மறுநாள் அவரே டூ வீலரில் லேப்டாப்பைக் கொண்டுவந்துவிட்டார். வாசல்படியைத் தாண்டி உள்ளே வரவில்லை. எங்கள் வீட்டுக் காபியைக் குடிக்காமல் ஒரு நாளும் போகாத மனுஷன், "வேலை இருக்குக்கா" என்றார். முகம் சுண்டிப் போயிருந்தது. "எனக்குப் பிடிபடல. வேற நல்ல கடையில காட்டிக்குங்க. நான் எதையும் கழட்டல" என்றார். வண்டியைக் கிளப்பிய பிறகு திரும்பிப் பார்த்து மறுபடியும், "நான் எதையும் கழட்டலக்கா" என்றார்.

ஒரே வாக்கியம் இரண்டு தடவை வந்தால் என் கைப் பென்சில் அங்கேயே நின்றுவிடும். ஏன் இரண்டு தரம் சொல்கிறார்? நேற்று கழட்டிப் பார்க்கிறேன் என்றவர் இன்றைக்கு எதையும் கழட்டவில்லை என்கிறார். பொங்கலுக்கு வந்தபோது, "அக்கா, இது பழசாயிடுச்சு, கடைக்கு ஒண்ணு நல்லதா வந்திருக்கு" என்று சொன்னது வேறு இப்போது வந்து ஞாபகத்தில் உட்கார்ந்துகொண்டது. தள்ளிவிடப் பார்க்கிறாரா? உள்ளே இருந்த நல்லதை எடுத்துவிட்டுக் கையை உதறிக்கொள்கிறாரா? சே, என்ன புத்தி இது என்று தலையில் அடித்துக்கொண்டேன். அடித்துக்கொண்டே மறுபடியும் அதையே நினைத்தேன்.

தங்கச்சியும் அன்றைக்குப் போன் பண்ணவில்லை. தினம் மத்தியானம் சாப்பிட்டுப் படுத்ததும் போன் பண்ணி, ஆற்றில் தண்ணீர் வந்ததிலிருந்து அவள் தெருவில் நாய் குட்டி போட்டது வரைக்கும் சொல்பவள். நானே கூப்பிட்டேன். "வேலையா இருக்கேன்க்கா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாள். அப்புறம் அவள் பேசவே இல்லை. மறுநாளும் இல்லை.

எனக்குப் பயம் வந்துவிட்டது. லேப்டாப் போனால் போகட்டும். "உன் வீட்டுக்காரர் உள்ளே ஏதாவது மாத்தினாரா" என்று ஒரு தடவை வாய் திறந்து கேட்டால், எனக்குத் தங்கச்சி இல்லை. கேட்காமல் விட்டாலோ அந்தக் கேள்வி எனக்குள்ளேயே கிடந்து ஊறும். அடுத்த டப்பாவைத் திறக்கும்போது குழம்பு வாசனையோடு அதுவும் சேர்ந்து வரும். என்ன செய்ய?

சாப்பிடும்போது வீட்டுக்காரரிடம் புலம்பினேன். அவர் தட்டைப் பார்த்தபடியே, "விடு, புதுசு ஒண்ணு வாங்கிக்கலாம்" என்றார்.

கம்பி நீட்டிக்கொண்டு நின்ற குடையை மூன்று மழைக்காலம் தைத்துத் தைத்துப் பிடித்த மனுஷன் இவர். புதுசு வாங்கலாமாம்! இந்தத் தடவை நன்றாகவே மூக்கு வியர்த்தது.

அடுத்த நாள் அவர் பேங்குக்குக் கிளம்பும் வரைக்கும் காத்திருந்தேன். கதவைச் சாத்திக்கொண்டு ஒவ்வொன்றாக ஆரம்பித்தேன். ஹாலில் இருக்கும் பிளக்கில் போட்டுப் பார்த்தேன், படுக்கையறை பிளக்கில் போட்டுப் பார்த்தேன். அதே பிளக்கில் மிக்ஸி ஓடியது. பட்டனை அமுக்கிப் பிடித்தேன். லைட்டு மின்னியது, உள்ளே காத்தாடி லேசாகச் சுற்றுவது போலிருந்தது, அப்புறம் அடங்கிவிட்டது. திரை மட்டும்தான் போய்விட்டதோ என்று டார்ச் அடித்துச் சாய்த்துப் பார்த்தேன். என் மூஞ்சிதான் தெரிந்தது. கடைசியில் அவருடைய சின்ன ஸ்குரு டிரைவர் பெட்டியை எடுத்து, மேஜையில் துண்டு விரித்து, லேப்டாப்பைக் குப்புறப் போட்டு, ஒரு வீடியோவைப் பார்த்துப் பார்த்து அடி மூடியைக் கழட்டினேன்.

உள்ளே காத்தாடி பளிச்சென்று இருந்தது. அதைச் சுற்றி ஒரு தூசி இல்லை. இண்டு இடுக்கெல்லாம் பிரஷ் போட்டுத் துடைத்திருந்தது. அப்படியானால் தங்கச்சி வீட்டுக்காரர் மூடியைத் திறந்திருக்கிறார்! திறந்துவிட்டு ஏன் பொய் சொன்னார் என்று கோபம் உச்சிக்கு ஏறிய அதே நொடியில் அந்தச் சிவப்பு கண்ணில் பட்டது.

பேட்டரியின் மூலையில் ஒரு பொட்டு. எல்லாவற்றையும் சேமித்து வைக்கும் அந்தச் சின்னத் தகட்டில் ஒரு பொட்டு. ரேம் என்று வீடியோவில் காட்டிய மெல்லிசுப் பட்டையில் ஒரு பொட்டு. பூஜை போட்டது மாதிரி வரிசையாக மூன்று. பட்டையை உருவிப் பார்த்தேன். மூன்றாவது பொட்டு மட்டும் காய்வதற்கு முன்பே வழிந்து, பட்டையின் ஓரத்தில் இருக்கும் தங்க நிறப் பல்வரிசை மேல் பரவி, அப்படியே இறுகிப் போயிருந்தது. லேப்டாப் ஏன் பேச்சு மூச்சில்லாமல் கிடந்தது என்பதற்கு அதற்கு மேல் எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

அந்தச் சிவப்பை எனக்குத் தெரியும். போன வருஷம் என்.எஸ்.பி. ரோட்டில் தங்கச்சி ஒரே நிறத்தில் இரண்டு நெயில் பாலிஷ் வாங்கினாள். "உனக்கு ஒண்ணு எனக்கு ஒண்ணு. கையைப் பாருக்கா, பென்சில் கறையும் நீயும்!" என்று என் பையில் திணித்தாள். நான் ஒரு தடவைகூட விரலில் போட்டுக்கொண்டதில்லை. தையல் பெட்டியில் கிடந்தது. எடுத்துப் பார்த்தேன். மூடி சரியாகத் திருகாமல் இருந்தது.

அவர் வந்ததும் செருப்பைக்கூடக் கழட்ட விடவில்லை.

"இது யாரு வேலை?"

அவர் பார்த்தார். மறுக்கவில்லை. "அடையாளம்தானே வெச்சேன். திருட்டா பண்ணேன்?"

"யார்கிட்ட கொடுக்கிறதுக்குங்க அடையாளம்? என் தங்கச்சி புருஷன்கிட்ட!"

"நீதானே சொன்ன, உள்ள இருக்கிறதை உருவிடறாங்கன்னு. ஸ்டோர்ஸ்ல நான் யாரையும் திருடன்னு சொன்னதில்ல. அடையாளம் வெச்சிட்டா அந்தப் பேச்சே வராதுல்ல? அதுக்குத்தான்."

"பெயின்ட் வெச்சாலும் காய விடுவீங்கல்ல, ஸ்டோர்ஸ்ல?" என்று கத்தினேன். "நீ குளிச்சிட்டு சீக்கிரம் வந்துட்ட" என்றார். வாயில் வந்ததையெல்லாம் கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு மூடியின் ஸ்குருக்களை அளவு வாரியாக அடுக்கிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் அந்த மனுஷனைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

தெருமுனை ஃபேன்சி ஸ்டோரில் ரிமூவர் வாங்கி வந்து, பஞ்சில் தொட்டுத் தொட்டு அந்தப் பல்வரிசையைத் துடைத்தேன். காய வைத்து, சொருகி, மூடி, பட்டனை அமுக்கினேன். லேப்டாப் ஒன்றுமே நடக்காததுபோல எழுந்து உட்கார்ந்தது. காத்தாடிச் சத்தம் துளிக்கூட இல்லை. எனக்குச் சந்தோஷமே வரவில்லை.

தங்கச்சி வீட்டுக்காரர் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். மூடியைத் திறந்ததுமே மூன்று பொட்டும் கண்ணில் பட்டிருக்கும், எதற்கு வைத்தது என்பதும் புரிந்திருக்கும். நாங்கள் கேட்ட வேலையைச் சுத்தமாக முடித்துவிட்டு, அடையாளம் வைத்த எதன் மேலும் கை வைக்காமல் மூடிக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். "நான் எதையும் கழட்டல" என்று இரண்டு தரம் சொன்னது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

தங்கச்சிக்குப் போன் பண்ணி, "ஆன் ஆயிடுச்சுடி" என்றேன். "அப்படியா? நல்லதுக்கா" என்றாள். என்ன கோளாறு என்று அவள் கேட்கவில்லை. நேரில் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று நான் நாள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அந்த வெள்ளிக்கிழமை அவளே வந்துவிட்டாள். கோயிலுக்கு வந்தேன் என்றாள். கையில் ஒரு டப்பா மோர்க்குழம்பு. வழக்கம்போல உட்கார்ந்து, வழக்கம்போலச் சிரித்து, என் வீட்டுக்காரரிடமும் "சௌக்கியமா அத்தான்" என்று கேட்டாள். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். அடப் பாவி மனுஷா என்று நினைத்துக்கொண்டேன்.

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "அத்தான்தான்டி வெச்சாரு. சத்தியமா எனக்குத் தெரியாது."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "நெயில் பாலிஷ் எங்க இருக்குன்னு அத்தானுக்கு எப்படிக்கா தெரியும்?"

"தையல் பெட்டியிலதான் கிடந்தது. பின்கதவு சாவியும் பீரோ சாவியும் ஒரே மாதிரி இருக்குன்னு நான்தான் அன்னைக்கு எடுத்து அடையாளம்…" என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டேன். என் காதுக்கே நன்றாக இல்லை.

"சரிக்கா, விடு" என்றாள். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் அழுது, அவள் அழுது, எல்லாம் சரியாகப் போயிருக்கும். அவள் புடவைத் தலைப்பைச் சரி செய்துகொண்டு எழுந்தாள். "நேரமாச்சு. டப்பாவைக் குடுத்துடுக்கா."

பிறந்ததிலிருந்து அவள் என்னிடம் டப்பாவைத் திருப்பிக் கேட்டதில்லை. அடுக்களைக்குப் போய் மோர்க்குழம்பை வேறு பாத்திரத்தில் ஊற்றினேன். டப்பாவைக் கழுவித் துடைக்கக் கவிழ்த்தபோது, அடியில் நடுவாக ஒரு சிவப்புப் பொட்டு. வழியாமல், வட்டமாக, நன்றாகக் காய வைத்து இட்டது. அவளிடம் இருக்கும் நெயில் பாலிஷும் அதே சிவப்புதான்.

பார்க்காததுபோல நிமிர்த்தி வைத்து, சர்க்கரை டின்னைத் திறந்து ஒரு கை அள்ளினேன். அவள் அடுக்களை வாசலில் வந்து நின்றாள்.

"ஒண்ணும் போடாதக்கா, வெறும் டப்பாவே போதும்" என்றாள்.

மேடையிலிருந்து அவளே அதை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, "போயிட்டு வரேன்க்கா" என்று செருப்பை மாட்டினாள். நான் கையில் அள்ளிய சர்க்கரையோடு வாசல் வரைக்கும் வந்து நின்றேன்.