மூன்றாவது ஊசி

பிரகதீஸ்வரியின் முதல் குழந்தை எட்டாம் மாதத்தில் வயிற்றிலேயே இறந்து பிறந்தது. அப்போது அவளும் கணவன் இளவழகனும் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்த்தார்கள். லீவு கிடைக்காமல் பரிசோதனை எதற்கும் போகவில்லை. அசைவு நின்ற பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். ஏன் இறந்தது என்று அங்கே யாரும் சொல்லவில்லை. ஊரிலிருந்த மாமியார் ராஜாத்தி மட்டும் ஒரு காரணம் வைத்திருந்தாள்: கிரகணத்தன்று மருமகள் காய் நறுக்கிவிட்டாளாம்.

பிறகு இருவரும் குத்தாலம் பக்கம் சொந்த ஊருக்கே திரும்பினார்கள். இளவழகன் நெல் அறுக்கும் மிஷினுக்கு டிரைவரானான். அவள் மறுபடி கர்ப்பமானதும் கிராம நர்ஸ் ஹமீதா பானு ரத்தம் எடுக்க வைத்தார். முடிவு வந்த அன்று தனியாகக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"சிபிலிஸ்னு ஒரு நோய்ம்மா. பெரியவங்க மேகநோய்னு சொல்லுவாங்க. உடலுறவுல தொத்தும். மொதல்ல வலியில்லாம ஒரு புண்ணு வந்து தானா ஆறிடும். அப்புறம் வெளியில ஒண்ணும் தெரியாது. ஆனா வயித்துப் புள்ளையப் புடிச்சிக்கும். செத்துப் பிறக்கலாம். உயிரோட பிறந்தாலும் எலும்பு, கண்ணு, காதுன்னு எதை வேணா கெடுக்கும்."

"அப்ப என் முதல் புள்ள..."

"இதனாலயும் இருக்கலாம். உறுதியா சொல்ல முடியாது. ஆனா இந்தப் புள்ளையக் காப்பாத்தலாம். வாரம் ஒரு பென்சிலின் ஊசி, மூணு வாரத்துக்கு. நடுவுல தள்ளிப்போச்சுன்னா முதல்லேருந்து போடணும். உன் வீட்டுக்காரரும் போட்டுக்கணும். இல்லேன்னா உனக்குத் திரும்ப வந்துடும்."

கணவனைத் தவிர வேறொருவரை அறியாதவள் அவள். யார் மூலம் வந்தது என்று யாரும் சொல்லத் தேவையில்லை. வீட்டுக்கு நடக்கும்போது ஆத்திரம் பொங்கியது. கால்வாய்ப் பாலத்தில் நின்று அழுது தீர்த்தாள். சண்டை பிறகு, குழந்தை முதலில் என்று அங்கேயே முடிவு செய்தாள்.

மறுநாளே அரசு ஆஸ்பத்திரியில் முதல் ஊசி. ஊசி போட்ட இடுப்பு வலியில் உட்கார முடியாமல் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தாள்.

"புள்ளத்தாச்சிக்கு இவ்ளோ பெரிய ஊசியா? வயித்துக்கு ஆகாதுடி," என்றாள் ராஜாத்தி.

"போடாமத்தான் அத்தை ஒண்ணப் பறிகொடுத்தேன்."

அன்று இரவு நர்ஸ் சொன்னதையெல்லாம் இளவழகனிடம் சொன்னாள். அவன் தலையே நிமிரவில்லை. "நான் நல்லாத்தானே இருக்கேன்?"

"எப்பவாவது புண்ணு வந்துச்சா?"

"திருப்பூர்ல ஒருதடவ. வலிக்கக்கூட இல்ல. தானா ஆறிடுச்சு."

"அதுதாங்க இது."

"குறுவை அறுப்பு முடியட்டும், போறேன்."

அவள் பாயை எடுத்துக்கொண்டு மாமியார் அறைக்குப் போய்விட்டாள்.

இரண்டாவது ஊசி நாளன்று காலையில் நேராக வயலுக்குப் போனாள். மிஷின் சற்று நின்ற நேரத்தில் மேலே ஏறிச் சாவியை உருவிக்கொண்டாள். வயல்காரர் சிங்காரவேலு வரப்பிலிருந்து ஓடிவந்தார்.

"என்னம்மா பண்ற? மழை திரண்டு நிக்குது, கதிரெல்லாம் சாஞ்சு கெடக்கு!"

"கோவிச்சுக்காதீங்க மாமா. இவருக்கு உடம்பு சரியில்ல, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன். திரும்பி வந்து அறுத்துக் குடுப்பாரு." கணவன் பக்கம் திரும்பி, அவனுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்: "எறங்குறீங்களா, இல்ல எல்லாருக்கும் கேக்கறாப்ல காரணத்தச் சொல்லவா?"

இளவழகன் இறங்கினான். அன்று இருவருக்கும் ஊசி போட்டார்கள்.

மூன்றாவது வாரம் மழை பிடித்துக்கொண்டது. சாலைக்கு மேலே தண்ணீர், பஸ் இல்லை. "நாளைக்குப் பாத்துக்கலாமே," என்றான் இளவழகன். அவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கிவிட்டாள். கொஞ்ச தூரம் போவதற்குள் பின்னால் டிராக்டர் சத்தம். சிங்காரவேலுவிடம் இரவல் கேட்டு அவன்தான் ஓட்டி வந்தான். நனைந்த உடம்போடு இருவரும் வரிசையில் நின்று ஊசி போட்டுக்கொண்டார்கள். அவனுக்கு மிச்சமிருந்த ஓர் ஊசிக்கு அடுத்த வாரமும் அவளே கூட்டிப் போனாள்.

மாசி மாதம் பெண் குழந்தை பிறந்து வீறிட்டு அழுதது. டாக்டர் தலை முதல் கால் வரை பார்த்தார், ரத்தம் எடுத்தார். நோய்க்கான அறிகுறி இல்லை. ஆனாலும் முன்னெச்சரிக்கையாக ஒரு ஊசி போட்டு, விட்டுவிட்டுச் சிலமுறை ரத்தம் பார்க்கவேண்டும் என்றார். ஒருமுறைகூடத் தவறாமல் பிரகதீஸ்வரி குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனாள். ராஜாத்தி கிரகணப் பேச்சை விட்டுவிட்டு, பால் பாட்டில் பையைச் சுமந்துகொண்டு உடன் போனாள்.

குழந்தை சுவரைப் பிடித்து நடக்கத் தொடங்கிய சமயம், இனி பயமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்று பிரகதீஸ்வரி கணவன் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"இப்ப சொல்லுங்க. திருப்பூர்ல என்ன நடந்துச்சு?"

அவன் ஒன்றையும் மறைக்காமல் சொன்னான். சொல்லும்போது அழுதான். அவள் கடைசிவரை குறுக்கிடாமல் கேட்டாள்.

"மன்னிச்சிட்டேன்னு நெனைக்காதீங்க. அது என்னால முடியுமான்னே தெரியல. முதல்ல உங்க ரத்தத்தத் திரும்ப டெஸ்ட் பண்ணுங்க. சுத்தம்னு டாக்டர் சொல்லட்டும். அதுக்கப்புறம் பேசலாம்."

மறுநாள் காலை, யாரும் கிளப்பிவிடாமலே, இளவழகன் ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினான்.